பின்புறக் கேமராவை மாற்றும் முன்...

2002-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு தந்தை தன் வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். பின்னால் நின்ற இரண்டு வயது மகன் கேமரன் கல்பிரான்சன் அவர் கண்ணில் படவே இல்லை. குழந்தை இறந்துபோனான். அவன் பெயரிலேயே 2008-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதன் பலனாக 2018 மே முதல் அங்கே எல்லாப் புதிய கார்களிலும் பின்புறக் கேமரா கட்டாயம். பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் திரையில் தெரிய வேண்டும்!

மழையிலும் சேற்றிலும் கிடக்கும் இந்தச் சின்னக் கண்ணில் சீல் விட்டுப்போனால் தண்ணீர் புகுந்து படம் மங்கும். ஆனால் திரை கறுத்தவுடனே கேமராவைக் குறை சொல்லக் கூடாது. முதலில் ஃபியூஸையும், டிக்கிக் கதவருகே மடங்கி மடங்கி அறுந்துபோகும் வயரையும் பார்க்க வேண்டும்.

கேமராவேதான் பழுது என்றால், வெளிக்கடைப் பார்ட் பெரும்பாலும் மலிவு. ஆனால் சில கார்களில் கேமராவுக்கு வருவது 12 வோல்ட் அல்ல, 6 வோல்ட். சிக்னலும் திரைக்குப் பொருந்த வேண்டும். முக்கியமாக, படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் இடப்பக்கம் நிற்பவர் வலப்பக்கம் தெரிவார்!

மாட்டி முடித்ததும் ஒரு வாளியைப் பின்னால் அங்கங்கே வைத்துப் பார்ப்பது நல்லது. வாளி மறையும் இடத்தில் குழந்தையும் மறையும்.