யாரிடமும் சொல்லலாம் இந்த எண்ணை

தங்கை கல்யாணப் படங்களை அம்மாவின் புதுக் கைபேசியிலிருந்து என் லேப்டாப்புக்கு மாற்ற உட்கார்ந்தோம். புளூடூத்தில் இரண்டையும் இணைத்தபோது, இரண்டு திரையிலும் 482913 என்று வந்தது. அம்மா சட்டென்று கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"ஓடிபி வந்திருக்குடா. யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சரிம்மா" என்றேன். ஆனால் மனசு உறுத்தியது. அந்த எண்ணை எங்கேயும் தட்டச் சொல்லவில்லையே? ரகசியம் என்றால் இரண்டு திரையிலும் இப்படிப் பளிச்சென்று ஏன் காட்ட வேண்டும்? அன்று இரவே தேட ஆரம்பித்தேன்.

முதலில் கிடைத்தது ஒரு வருடம்: 2007. புளூடூத்தின் 2.1 பதிப்பு அப்போதுதான் வந்தது. ஆறு இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் முறையும் அதோடு வந்தது. அதற்கு முன் 0000, 1234 என்று தட்டிக்கொண்டிருந்தோமே, அது நிஜமாகவே ரகசிய எண். அந்த நாலு இலக்கத்தை நம்பித்தான் முழுப் பூட்டும் இருந்தது. 2005இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யானிவ் ஷாகெட், அவிஷாய் வூல் இருவரும் அதை உடைத்துக் காட்டினார்கள். இரண்டு கருவிகள் இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தை ஒட்டுக்கேட்டுவிட்டால் போதும். பழைய பென்டியம் 3 கணினியே 0.3 நொடிக்குள் எண்ணைச் சொல்லிவிடும்.

வீட்டு ரவுட்டரின் கதையும் இதேதான். வைஃபையில் சுலபமாகச் சேர்வதற்கென்று வந்த டபிள்யூபிஎஸ் முறையில் எட்டு இலக்க பின் உண்டு. பல ரவுட்டர்களில் அது அடிப்பக்க ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும். எட்டு இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் முயல வேண்டும் என்றுதான் தோன்றும். ஆனால் ரவுட்டர் முதல் பாதி சரியா தவறா என்பதைத் தனியாகக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதற்கு 10,000 முயற்சி. மீதி நாலில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண், ஆக அதற்கு 1,000. மொத்தமே 11,000 முயற்சிதான். ஸ்டெஃபான் ஃபீபெக் 2011இல் இதை வெளியிட்டார்.

அப்படியானால் ரகசியமே இல்லாத ஓர் எண் எதைக் காக்கிறது? இதற்கு விடை தேடி 1976க்குப் போக வேண்டியிருந்தது. முன்பின் தெரியாத இருவர், ஊரே கேட்கும்படி பேசிக்கொண்டே தங்களுக்கு மட்டும் தெரிந்த சாவியை உருவாக்கலாம் என்று விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் காட்டிய வருடம் அது. ஒட்டுக்கேட்பவனால் இதில் ஒன்றும் செய்ய முடியாது. நடுவில் புகுந்து, கைபேசியிடம் 'நான்தான் லேப்டாப்' என்றும் லேப்டாப்பிடம் 'நான்தான் கைபேசி' என்றும் சொல்பவனால் முடியும். அவன் இரு பக்கமும் தனித்தனிச் சாவி வைத்திருப்பான். அந்த ஆறு இலக்கம் இவனைப் பிடிப்பதற்குத்தான்.

இரு பக்கத்துத் திறவுகோல்களையும், ஒவ்வொரு கருவியும் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் எண்ணையும் கலந்து கணக்கிட்டு வருவது அந்த ஆறு இலக்கம். நடுவில் ஒருவன் இருந்தால் இரண்டு திரையிலும் வெவ்வேறு எண் வரும். எண் ஒத்துப்போகும்வரை அவன் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தால்? அதற்கும் வழியை அடைத்திருக்கிறார்கள். ஒரு கருவி தன் தற்செயல் எண்ணை உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பதுபோல் முதலிலேயே உறுதி செய்துவிடுகிறது. எதிர்ப்பக்கத்துத் தற்செயல் எண் வந்த பிறகே உறையைப் பிரிக்கிறது. அவனுக்கு மிஞ்சுவது பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு. இந்த இடத்தை நான் மூன்று முறை படித்தேன், அவ்வளவு அழகு.

இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் 2007க்கும் முந்தியது, 1995இலேயே உண்டு. ஃபில் ஸிம்மர்மன் வெளியிட்ட பிஜிபிஃபோன் என்ற நிரலில் கணினி வழியாகப் பேசும் இருவர், தங்கள் திரையில் தெரியும் சொற்களை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவார்கள். காதில் குழம்பாத சொற்களாகப் பார்த்துப் பொறுக்க, பேட்ரிக் ஜுவோலா என்ற மொழியியலாளர் உதவினார். இரண்டு அசைச் சொல்லும் மூன்று அசைச் சொல்லும் மாறி மாறி வரும். ஒன்றை விட்டுவிட்டால் உடனே காது கண்டுபிடித்துவிடும். தெரிந்த குரல் வாசித்த சொல்லும் என் திரையில் உள்ள சொல்லும் ஒன்றானால், நடுவில் ஆள் இல்லை. அன்று காது செய்த வேலையை அம்மாவின் கைபேசியில் கண் செய்கிறது.

மறுநாள் காலை அம்மாவிடம் சொன்னேன்: "அந்த எண்ணைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொல்லலாம்மா. ரெண்டும் ஒண்ணுதானான்னு மட்டும் பாருங்க."

ஒரு திரையில் வந்ததை மற்றதில் தட்டச் சொன்னால் மட்டும் அது ரகசியம். அதை மறைத்தே வையுங்கள். இரண்டிலும் எண் வந்தால் ஆறு இலக்கத்தையும் பார்த்த பிறகே 'சரி' என்று அழுத்துங்கள். உங்கள் ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் பின் இன்னும் இயங்கினால் இன்றே அணைத்துவிடுங்கள்.