வசனம் ஓகே... அதிகாரம் படிச்சாச்சா?

'ஆண்டவர் எனக்கு என்ன சொல்றார்?' ஹாஸ்டல் ஜெபக் கூட்டத்துக்குப் போற யாரைக் கேட்டாலும் மனசுக்குள்ள ஓடுற கேள்வி இதுதான். எந்த எலெக்டிவ் எடுக்கறதுங்கறதுல ஆரம்பிச்சு, வீட்ல பார்த்திருக்கிற மாப்பிள்ளை வரைக்கும் வரும்!

பதில் தேட ஆளாளுக்கு ஒரு ரூட். என் ரூம்மேட் கண்ணை மூடிக்கிட்டு பைபிளைப் பட்டுனு திறப்பா. விரல் படுற வசனம்தான் அன்னைக்கு ஆர்டர். செமஸ்டருக்கு முந்தின நாள் திறந்தா, வந்தது வம்ச வரலாறு. யார் யாரைப் பெத்தாங்கன்னு பக்கம் பூரா பேரு. "இதுல எந்த யூனிட்டைப் படிக்கச் சொல்றாருடி?"னு அவளே சிரிச்சுட்டா.

இன்னொரு ரூட், வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில ஆளுக்கு ஒண்ணு எடுப்போம். ஃபைனல் இயர்ல எனக்கு வந்தது எரேமியா 29:11. நல்ல எதிர்காலம் உண்டுன்னு நம்பிக்கை தர்ற வசனம்.

அப்போ எனக்கு நிஜமாவே வழி தெரிய வேண்டியிருந்தது. கேம்பஸ் இன்டர்வியூவில் சென்னையில வேலை கிடைச்சிருந்தது. ஊர்ல அம்மா மட்டும்தான். அப்பா இல்லை, பீடி சுத்தித்தான் என்னைப் படிக்க வச்சாங்க. பக்கத்து ஊர் ஸ்கூல்லயும் வேலை இருந்தது. ஆனா, சம்பளம் பாதிகூட இல்லை. போகவா, இருக்கவா? ரெண்டு வாரத்துல சொல்லணும்.

பைபிள் ஸ்டடி நடத்துற சீனியர் அக்காகிட்ட அட்டையைக் காட்டினேன். "வசனம் சரி. அதிகாரம் முழுசும் படி. அதிகாரப் பிரிவு வந்தது 13-ம் நூற்றாண்டுல, இப்ப இருக்கிற வசன நம்பர் 16-ம் நூற்றாண்டுல. எழுதினவங்க நம்பர் போட்டு எழுதலை. லெட்டர்ல நடுவுல ஒரு வரியை மட்டும் வெட்டிப் படிப்பியா?"ன்னாங்க.

படிச்சா, அது நிஜமாவே ஒரு லெட்டர்! எருசலேம்ல இருந்து, பாபிலோனுக்குச் சிறை போனவங்களுக்கு எரேமியா எழுதினது. 'சீக்கிரமே ஊருக்குத் திரும்பிடலாம்'னு சொல்றவங்களை நம்பாதீங்க, 70 வருஷம் ஆகும்ங்கறார். அதுவரைக்கும் அங்கேயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அந்த ஊர் நல்லாயிருக்க ஜெபம் பண்ணுங்கன்னு சொல்றார். 70 வருஷத்தைச் சொன்ன அடுத்த வசனம்தான் என் அட்டையில இருந்தது.

சென்னைக்குப் போன்னும் அதுல இல்லை, போகாதேன்னும் இல்லை. ஆனா, எங்கே இருந்தாலும் அங்கே உருப்படியா வாழணும்னு இருந்தது. ஊரைத் தப்பா தேர்ந்தெடுத்துட்டா வாழ்க்கையே போச்சுங்கற பயம் பாதி குறைஞ்சது.

அடுத்த வாரம் ரூத் புத்தகம். நாலே அதிகாரம். அதுல கடவுள் நேரடியா யார்கிட்டயும் பேசலை. மாமியார் நகோமியை விட்டுப் போக மாட்டேன்னு ரூத் தானா முடிவெடுக்கறா. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. "அப்ப நான் அம்மாகூடவே இருக்கணுமாக்கா?"

"நகோமிக்கு வேற யாரும் இல்லைன்னு ரூத்துக்குத் தெரியும். உங்க அம்மாவுக்கு என்ன வேணும்? அவங்களையே கேளு."

அன்னைக்கு ராத்திரியே போன் போட்டேன். "எனக்காக இங்க கெடக்காத தாயி. போயிட்டு, மாசம் ஒரு தடவை மூஞ்சியக் காட்டு"ன்னாங்க.

சென்னைக்குப் போனேன். ஒருதடவை அம்மா காய்ச்சல்ல படுத்தது, ரெண்டு நாள் கழிச்சு பக்கத்து வீட்டு அத்தை சொல்லித்தான் தெரிஞ்சது. ஆபீஸ் பாத்ரூம்ல அழுதேன். வழி கேட்டு எடுத்த முடிவுக்குக் கஷ்டமே வராதுன்னு எந்த அதிகாரமும் கேரண்டி தரலையே! அன்னைல இருந்து தினமும் ராத்திரி ஒரு போன்.

உங்களுக்கும் ஏதாவது முடிவு தொங்கிட்டு இருக்கா? நாலு கேள்வியோட உட்காருங்க. இதை யார் சொன்னாங்க, யாருக்குச் சொன்னாங்க, எந்த நிலைமையில சொன்னாங்க, எனக்கு இதுல என்ன? அப்புறம், அந்த முடிவு யாரைப் பாதிக்குமோ அவங்ககிட்டயும் பேசுங்க.

எங்கே ஆரம்பிக்கறதுன்னு யோசிக்காதீங்க. நீதிமொழிகள்ல 31 அதிகாரம் இருக்கு, தேதிக்கு ஒண்ணு. இன்னைக்கு என்ன தேதி பாஸ்?