மரக்காணம் கரையில் முள்ளோடு ஒரு மீன் சாப்பாடு!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களில் பலர், மரக்காணத்தை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. சுமார் 120 கிலோமீட்டர் கடந்ததும் பச்சை குறைந்து, சாலையோரத்தில் பூமி வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுரம் சதுரமாகப் பாத்திகள். நடுநடுவே கூரை வேய்ந்ததுபோல ஓலை மூடிய உப்புக் குவியல்கள். செல்போனில் ஒரு படம், அப்புறம் வண்டி கிளம்பிவிடும். கொஞ்ச நேரம் நின்று, அந்த ஊர் என்ன சாப்பிடுகிறது என்று பார்ப்பவர்களுக்கு வேறொரு விஷயம் கிடைக்கும்.

விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இந்தப் பேரூரில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் உப்பளங்கள் உண்டு. கழியிலிருந்து வரும் உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவைக்கிறார்கள். கடல்நீரின் அடர்த்தி சுமார் 3 டிகிரி போமே. அது வற்றி வற்றி 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு பூக்கும். பொங்கல் முடிந்து தொடங்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன்பே உப்பை வாரி முடிக்க வேண்டும் என்பதால், விடிவதற்குள் ஆணும் பெண்ணும் பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் வேலையே இருக்காது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மாநில அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது.

ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் கடல். எக்கியார்குப்பம், கைப்பாணிகுப்பம், அழகன்குப்பம் என்று வரிசையாக மீனவர் குப்பங்கள். உப்பும் மீனும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊரில், இரண்டும் சேர்ந்த சமையலுக்குப் பஞ்சம் இருக்குமா?

பாட்டிலேயே வந்த கருவாடு

இந்தக் கரையின் மீன் விருந்துக்கு வயது சுமார் இரண்டாயிரம். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை எழுதியவர் நல்லூர் நத்தத்தனார். ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பரிசு பெறப் போகும் பாணர்களுக்கு வழி சொல்வதுதான் அந்தப் பாட்டு. வழியில் எயிற்பட்டினம் என்று ஒரு கடற்கரை ஊர் வருகிறது. அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டையை அங்கே விறகாக எரிக்கிறார்கள். வரும் பாணனுக்கு நுளையர் வீடுகளில் கிடைப்பது, பழைய கள்ளும் சுட்ட குழல் மீன் கருவாடும்.

அந்த எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிபுளூஸ்' என்ற பயண நூல் சொல்லும் 'சோபட்மா' துறைமுகமும் இதுவே என்பது அவர்கள் கணிப்பு. எயில் என்றாலும் கோட்டை மதில், சோ என்றாலும் கோட்டை மதில். ஊரில் நிற்கும் சோழர் காலத்துப் பூமீஸ்வரர் கோயிலின் கல்வெட்டுகளிலும் உப்பளங்களைப் பற்றிய பேச்சு உண்டு. அரசர்கள் மாறினார்கள், துறைமுகம் போனது. உப்பும் கருவாடும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

கூடையில் என்ன இருக்கிறது?

காலையில் ஃபைபர் படகுகள் கரை ஏறும் நேரம்தான் இங்கே மீன் வாங்க நல்ல நேரம். வெளியூர்க் காரில் வந்து இறங்குகிறவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "வஞ்சிரம் இருக்கா?" அடுத்த கேள்வி, "முள் இல்லாத மீனா குடுங்க."

கூடையில் மினுமினுக்கும் மற்ற மீன்களை அவர்கள் கண்டுகொள்வதில்லை. தெற்கே சாளை என்றும், இந்தப் பக்கம் கவளை என்றும் சொல்லப்படும் மத்தி வகைகள், விரல் நீள நெத்திலி, கானாங்கெளுத்தி, காசு அகலத்தில் காரப்பொடி. வஞ்சிரம் ஒரு கிலோ வாங்கும் பணத்தில் இவற்றைப் பை நிறைய வாங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும்போதும், சிறு படகுகள் கரையோரத்தில் பிடித்து வருவது பெரும்பாலும் இந்தக் குட்டி மீன்களைத்தான்.

'ஏழை மீன்' என்ற பெயர் இவற்றுக்கு ஒட்டிக்கொண்டது விலையால்தான். சத்துக் கணக்கில் பார்த்தால் கதையே வேறு.

முள்ளில்தான் விஷயம்

பெரிய மீனை வெட்டித் துண்டு போட்டால் நாம் சாப்பிடுவது சதையை மட்டும். முள்ளும் தலையும் குப்பைக்குப் போகின்றன. குட்டி மீனில் முள்ளும் நமக்கே. எலும்போடு டின்னில் அடைத்து விற்கப்படும் மத்தி 100 கிராமில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் கிடைப்பதைவிட இது அதிகம். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ம் ஆண்டுப் பரிந்துரை. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பால் வாங்கக் கணக்குப் பார்க்கிற வீடுகளுக்கும் முள் ஒரு நல்ல வழி.

அடுத்தது கொழுப்பு. எண்ணெய் மீன்களில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பு அமிலங்கள் இதயத்துக்கும் மூளைக்கும் நல்லது. நாளொன்றுக்குச் சராசரியாக 250 மில்லிகிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு. 100 கிராம் மத்தியிலேயே சுமார் ஒரு கிராம் கிடைக்கும். பருவத்துக்குப் பருவம் இது கூடும், குறையும். ஆனாலும், வாரத்துக்கு இரண்டு நாள் மத்திக் குழம்பு வைத்தாலே கணக்கு சரியாகிவிடும். மாத்திரை டப்பா தேவையில்லை.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாகத் தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. மீனில் இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் இருக்கின்றன. அதோடு, கீரையிலும் அரிசியிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளவும் மீன் உதவுகிறது. கீரைக் கடைசலுக்குப் பக்கத்தில் நாலு நெத்திலி வைப்பதன் பலன் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. பெரிய மீன் சின்ன மீனைத் தின்று பல வருடங்கள் வாழ்வதால், அதன் உடலில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். சுறா போன்ற மீன்களைக் கர்ப்பிணிகள் தவிர்க்கச் சொல்வது அதனால்தான். குறைந்த காலமே வாழும் மத்தியிலும் நெத்திலியிலும் அந்தக் கவலை மிகக் குறைவு.

குளத்து மீன் தந்த உலகப் பரிசு

குட்டி மீனை முழுதாகச் சாப்பிடுவதன் அருமையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் சகுந்தலா ஹரக்சிங் தில்ஸ்டெட். இந்தியாவிலிருந்து டிரினிடாட் தீவுக்குக் கூலிகளாகப் போனவர்களின் வம்சத்தில் வந்தவர். வங்கதேசத்தில் வேலை பார்த்தபோது, குளங்களில் தானாக வளரும் 'மோலா' என்ற சிறு மீனை ஆராய்ந்தார். தலை, கண், முள் எல்லாவற்றோடும் சாப்பிடப்படும் அந்த மீனில் வைட்டமின் ஏ நிறைய இருப்பதைக் கண்டுபிடித்தார். பெரிய மீன் வளர்க்கும் குளத்திலேயே மோலாவையும் சேர்த்து வளர்க்கும் முறை பரவ, அவருடைய ஆய்வு காரணமாக இருந்தது. 2021-ம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. சந்தையில் மதிப்பில்லாத ஒரு மீன்தான் ஏழைக் குழந்தைகளின் தட்டுக்கு மிகவும் மதிப்பானது என்பதே அந்த ஆய்வின் சாரம்.

உப்பில் ஒரு எச்சரிக்கை

மரக்காணத்தில் இந்த நல்ல செய்திக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. ஐஸ் இல்லாத காலத்தில், மிஞ்சிய மீனைக் காப்பாற்றியது உப்புதான். உப்பளத்துப் பழைய சோற்றுக்கு ஒரு துண்டு கருவாடு போதும், உழைப்புக்குத் தெம்பு வந்துவிடும். ஆனால், உப்பிட்ட கருவாட்டில் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பாகவே இருப்பது சாதாரணம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்குக் கருவாடு தினசரி உணவாக முடியாது. உப்புப் போடாமல் வெயிலில் மட்டும் உலர்த்திய நெத்திலி பரவாயில்லை. உப்புக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிவிட்டுச் சமைப்பது நல்லது. குழம்பில் தனியாக உப்புப் போடவே தேவையிருக்காது.

பாத்தியில் விளையும் உப்பில் அயோடின் கிடையாது என்று சொல்லலாம். அது ஆலையில்தான் சேர்க்கப்படுகிறது. ஊருக்கு வந்தவர்கள் ஆசையாக அள்ளிக்கொண்டு போகும் கல் உப்பை மீன் கழுவவும் ஊறுகாய்க்கும் வைத்துக்கொண்டு, அன்றாடச் சமையலுக்கு அயோடின் சேர்த்த உப்பையே பயன்படுத்தலாம். கடல் மீனிலும் அயோடின் கிடைக்கிறது.

சட்டியில் எப்படி?

மத்தியும் கானாங்கெளுத்தியும் சீக்கிரம் கெடும் மீன்கள். கெட்டுப்போனால் உருவாகும் ஹிஸ்டமின், எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. அரிப்பு, தலைவலி என்று படுத்தும். அதனால் கண் தெளிவாகவும், செவுள் சிவப்பாகவும், வயிறு கெட்டியாகவும் இருக்கும் மீனாகப் பார்த்து வாங்கி, உடனே ஐஸில் போட வேண்டும். செதில், செவுள், குடலை எடுத்துவிட்டுக் கல் உப்பும் மஞ்சள்தூளும் போட்டு உரசிக் கழுவினால் கவிச்சி போய்விடும்.

அரை கிலோ மத்திக்கு எலுமிச்சை அளவு புளி போதும். மண்சட்டியில் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, ஒரு கை சின்ன வெங்காயமும் பத்துப் பல் பூண்டும் வதக்கி, தக்காளி சேர்க்க வேண்டும். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள், புளிக்கரைசல் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகே மீன். போட்ட பின் கரண்டி போடக் கூடாது, சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும். பத்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். மறுநாள் காலை இட்லிக்கு இதன் ருசியே தனி.

முள்ளையும் சேர்த்துச் சாப்பிட வேண்டுமென்றால் குக்கர்தான் வழி. இதே குழம்பைச் சற்றுத் தண்ணீர் கூட்டி, விசில் வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் விட்டால் புளிப்பும் அழுத்தமும் சேர்ந்து நடுமுள் வரை மசிந்துபோகும். விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டே குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும். பொடி நெத்திலிக்கு இதுகூடத் தேவையில்லை. தேங்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாயை ஒன்றிரண்டாகத் தட்டிப் பிசிறி, வாழையிலையில் மடித்துத் தோசைக்கல்லில் இருபுறமும் வாட்டினால் முழுதாகவே மென்றுவிடலாம்.

எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மீனின் நல்ல கொழுப்பு கொஞ்சம் வெளியேறி, சட்டி எண்ணெய் உள்ளே ஏறிவிடும். வறுவல் எப்போதாவது போதும். யூரிக் அமிலம் அதிகமுள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு அளவை முடிவுசெய்யலாம்.

மீன் எங்கே போகிறது?

இவ்வளவு நல்ல மீன் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்குமா? கேரளக் கடலில் 2012-ல் சுமார் 3.9 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-ல் கிடைத்தது வெறும் 3,297 டன் என்கிறது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. அடுத்த ஆண்டே மீன் திரும்பி வந்தாலும், மத்தி எப்போது வரும், எப்போது போகும் என்பது கடலின் சூட்டையும் மழையையும் பிடிக்கும் அளவையும் பொறுத்தது. கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குவலைக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் மட்டும் அதைப் பயன்படுத்த 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. சிறு படகுக்காரர்களுக்கும் சுருக்குவலைக்காரர்களுக்கும் இடையே நீண்டகாலமாக இருக்கும் சண்டையில், பங்கு போடப்படுவது இந்தக் குட்டி மீன்தான்.

அப்படி அள்ளப்படும் மீனில் ஒரு பகுதி யார் தட்டுக்கும் வருவதில்லை. மீன்மாவு ஆலைக்குப் போய், கோழிக்கும் இறாலுக்கும் தீவனமாகிறது. ஒரு கிலோ மீன்மாவுக்கு நாலைந்து கிலோ மீன் வேண்டும். வீடுகளில் கேட்பார் இல்லாத மீனுக்கு ஆலைதானே விலை சொல்லும்!

மரக்காணத்துக்குப் பக்கத்தில்தான் கழுவெளி இருக்கிறது. 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்ட பெரிய உவர்நீர் நிலம். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் கூழைக்கடாக்களைப் பார்க்கலாம். பிடித்த மீனைத் தலை, முள், வால் என்று எதையும் ஒதுக்காமல் அப்படியே விழுங்கும். ஜனவரி கடைசியில் போனால் பறவையும் பார்க்கலாம், உப்பு வேலை தொடங்குவதையும் பார்க்கலாம். திரும்பும்போது வஞ்சிரத்தை விட்டுவிட்டு, ஒரு ஐஸ் பெட்டியில் இரண்டு கிலோ கவளை வாங்கி வரலாம். விற்கிற அம்மாவுக்கு அன்றைய கூடை காலியாகும், வீட்டில் நாலு பேருக்கு இரண்டு வேளைக்குக் குழம்பாகும்.