அழாத குட்டியைத் தேடுங்கள்

பிள்ளைகளே, படிப்பை முடித்துவிட்டு ஆடு வளர்க்க வருகிறோம் என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு மனம் குளிர்கிறது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் கன்னி ஆடுகளோடு வாழ்நாளைக் கழித்தவன் என்ற உரிமையில் சில சொல்கிறேன். கொட்டகை போடவும் தீவனம் அறுக்கவும் ஒரு மாதத்தில் பழகிவிடலாம். குட்டியைப் பார்க்கப் பழகுவதற்குத்தான் வருடங்கள் வேண்டும்.

கன்னி ஆடு பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். சில ஈற்றில் மூன்றும் போடும். தாய்க்குக் காம்போ இரண்டுதான். அப்படி மூன்றாகப் பிறந்த ஓர் ஈற்றில், கிடாக்குட்டிகள் இரண்டும் கத்திக்கொண்டு மடியை முட்டிக் குடித்தன. பெட்டைக்குட்டி மட்டும் சத்தம் காட்டாமல் கூடை ஓரத்தில் முதுகு வளைந்து கிடந்தது. என் பெரியம்மா அதைத் தூக்கி, வாய்க்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். “உள்ளே சில்லுன்னு இருக்கு, இது இன்னும் பால் பாக்கலை” என்றார். உடனே பாலைப் புகட்டிவிடவில்லை. கோணியில் சுற்றி, மடியில் வைத்து, வாய் வெதுவெதுப்பாகும் வரை காத்திருந்தார். பிறகுதான் சீம்பாலைக் கறந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். குளிர்ந்துபோன குட்டிக்கு அவசரப்பட்டுப் பால் ஊற்றினால் செரிக்காது. விழுங்கத் தெம்பில்லாமல் நுரையீரலுக்குள்ளும் போய்விடும். அந்தப் பெட்டை பிழைத்து, பல ஈற்று ஈன்றது.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது சரிதான். அழத் தெம்பில்லாத பிள்ளைக்குப் பட்டிக்காரன்தான் வாய். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் சீம்பால் குடித்ததா என்று நீங்களே கண்ணால் பார்க்க வேண்டும். அதிலிருக்கும் எதிர்ப்புச் சக்தியைக் குட்டியின் குடல் முதல் நாள் மட்டும்தான் முழுதாக வாங்கிக்கொள்ளும். அந்த நாள் போனால் போனதுதான்.

அடுத்தது எடை. கன்னிக்குட்டி பிறக்கையில் ஏறத்தாழ 2 கிலோ இருக்கும். தாய்ப்பால் போதுமென்றால் வாரத்துக்கு அரைக் கிலோவை ஒட்டி ஏறும். தொங்கு தராசில் சாக்கைத் தொட்டிலாகக் கட்டி, வாரம் ஒருமுறை, அதே கிழமையில், காலையில் பால் குடிக்கும் முன் நிறுத்து எழுதுங்கள். சின்னக்குட்டி வாராவாரம் ஏறிக்கொண்டே வந்தால் கவலை வேண்டாம். பெரிய குட்டி இரண்டு வாரம் அதே இடத்தில் நின்றால் அதைத்தான் கையில் எடுக்க வேண்டும். பக்கத்துக் குட்டியோடு ஒப்பிடாதீர்கள். போன வாரத்து அதே குட்டியோடு ஒப்பிடுங்கள். பிள்ளைகளை வளர்க்கும்போதும் நான் இதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

கொழுத்த குட்டியென்று அசந்துவிடவும் கூடாது. ஒரு ஐப்பசியில் நல்ல மழை. காடெல்லாம் இளம்புல். ஊரில் ஒருவருடைய பட்டியில், எல்லோரும் கண்வைத்திருந்த கிடாக்குட்டி காலையில் துள்ளிக்கொண்டு மேயப் போனது. உச்சிப்பொழுதுக்குள் வெட்டிவெட்டி இழுத்து விழுந்தது. துள்ளுமாரி நோய். வயிற்றில் எப்போதும் இருக்கும் கிருமி, வளமான தீவனம் திடீரென்று மிகுதியாக உள்ளே போனதும் பெருகி நஞ்சைக் கக்குகிறது. நன்றாகத் தின்று நன்றாக வளரும் குட்டியைத்தான் அது முதலில் பிடிக்கும். விழுந்த பிறகு வைத்தியத்துக்கு நேரம் இருப்பதில்லை. மழைக்கு முன்பே தடுப்பூசி போடுங்கள். முதல்முறை போடும் குட்டிக்கு, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும் உண்டு. மழை விட்டதும் பட்டியைப் பசும்புல்லில் அப்படியே அவிழ்த்துவிடாமல், முதலில் காய்ந்த தீவனம் கொஞ்சம் கொடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

இனி இமை. கட்டைவிரலால் மேலிமையை மெல்ல அமுக்கி, கீழிமையை இறக்குங்கள். உட்சதை நல்ல சிவப்பாக இருந்தால் நலம். வெளிறியிருந்தால் குடற்புழு இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். முற்றினால் கீழ்த்தாடையில் நீர் கோத்துத் தொங்கும். தென்னாப்பிரிக்காவில் இதற்கென ஐந்து படி நிற அட்டையே செய்து, உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். வெளிறிய ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுப்பதே அதன் நோக்கம். எல்லாவற்றுக்கும் அடிக்கடி ஊற்றினால் புழு மருந்துக்குப் பழகிவிடும். ஆனால் ஒரு மாதம் தாண்டிய குட்டி இரத்தமாகக் கழிந்தால் இமையைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். அது பெரும்பாலும் ஈரத் தரையிலிருந்து வரும் இரத்தக்கழிச்சல். அதற்குப் புழு மருந்து கேட்காது. அன்றே சாணத்தோடு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.

போகும்போது எடை எழுதிய நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். “நல்லாத்தான் இருந்துச்சு சார், திடீர்னு இப்படி” என்று நாம் சொல்வதை வைத்து மருத்துவர் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எந்த வாரம் எடை நின்றது, எப்போது புழு மருந்து கொடுத்தது, தாய்க்குப் பால் எப்படி என்பதைப் படித்துக் காட்டினால், எந்த மருந்து, எவ்வளவு என்று அந்தக் குட்டியின் எடைக்கே கணக்குப் போட்டுத் தருவார்.