பென் டிரைவ் வெறுமையாகக் கிடந்தால் பிள்ளையைத் திட்ட முன்...



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளுக்கு பென் டிரைவ் வாங்கிக் கொடுத்த உம்மா வாப்பாமார் பொறுமையாக வாசியுங்கள்.

விண்டோஸில் "வொல்" என்று ஒரு பழைய கட்டளை இருக்கிறது. 1980களின் டொஸ் காலத்திலேயே வந்தது. ஸ்டார்ட்டில் சீ-எம்-டீ என்று தேடினால் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் வீ-ஓ-எல், ஓர் இடைவெளி, பிறகு டிரைவின் எழுத்தும் முக்காற்புள்ளியும் அடித்து என்டர் தட்டுங்கள். இரண்டு வரி வரும். முதல் வரியில் டிரைவின் பெயர். இரண்டாவதில் எட்டு எழுத்து-இலக்கம், நடுவில் ஒரு சிறு கோடு.

அந்த எட்டும்தான் விஷயம். அது கம்பனி அடித்த நம்பர் அல்ல. டிரைவை ஃபோர்மட் செய்யும்போது போடப்படுவது. ஃபைல் அழித்தாலும், சேர்த்தாலும், பெயரை மாற்றினாலும் அது மாறாது. திரும்ப ஃபோர்மட் செய்தால் புது நம்பர் வந்துவிடும்.

எங்கள் பாடசாலைக் கணினி அறையின் பென் டிரைவ் ஒவ்வொன்றின் நம்பரையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். போன வருடம் அது ஒரு பிள்ளையைக் காப்பாற்றியது.

தரம் 11இல் நாலு பேர் சேர்ந்து செய்த வேலை. பிரின்ட் எடுக்க கொமியூனிகேஷனுக்குக் கொண்டு போனவன் ஒருவன். அடுத்த நாள் பார்த்தால் டிரைவில் ஒன்றுமில்லை, ஒரேயொரு ஷோர்ட்கட் மட்டும். "பாட்டு ஏற்ற ஃபோர்மட் அடிச்சிருக்கான்" என்று யாரோ சொல்ல, அன்றிரவே பெற்றோரின் வட்ஸ்அப் குழுமத்தில் வொய்ஸ் மெசேஜ்கள் பறந்தன. காலையில் அவனுடைய உம்மா பாடசாலை வாசலில் நின்று அழுதார்.

டிரைவைப் போட்டு வொல் அடித்தேன். கொப்பியில் இருந்த அதே நம்பர். அவன் ஃபோர்மட் செய்யவில்லை. பிறகு டீ-ஐ-ஆர் அடித்து, டிரைவின் எழுத்தோடு ஒரு சாய்கோடும் ஏ எழுத்தும் சேர்த்தேன். மறைந்திருப்பதையும் காட்டும் கட்டளை அது. எல்லா ஃபைலும் வரிசையாக வந்தன. கடைக் கணினியில் இருந்து தொற்றும் ஷோர்ட்கட் வைரஸின் வேலைதான். வைரஸைத் துடைத்து, அட்ரிப் கட்டளையால் ஃபைல்களை வெளியே எடுக்க அரை மணித்தியாலம்கூடப் போகவில்லை.

குழுமத்தில் சொன்ன வார்த்தைகளைத் திருப்பி எடுக்கத்தான் கட்டளை இல்லை. ஒரு கிழமை அந்தப் பிள்ளை வகுப்பில் வாய் திறக்கவில்லை.

ஆனால் இதையும் கேளுங்கள். நம்பர் மாறியிருந்தால் "ஃபோர்மட் நடந்திருக்கிறது" என்று மட்டும்தான் அர்த்தம். யார் செய்தது என்று அது சொல்லாது. நம்பர் மாறாவிட்டாலும் யாராவது ஃபைல்களை மட்டும் அழித்திருக்கலாம். நம்பரையே மாற்றும் மென்பொருளும் உண்டு. மைக்ரோசொஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் "வொலியூம் ஐடி" என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே இதை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். சந்தேகத்தைத் தீர்க்கப் பாவியுங்கள்.

இன்னொன்று. சில நேரம் வொல் அடித்தால் நம்பரே வராது. "ஃபைல் சிஸ்டம் தெரியவில்லை" என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். டிரைவைத் திறக்கப் போனால் "ஃபோர்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கும். பதறி "ஓம்" கொடுத்துவிடாதீர்கள். அதில் ஒன்றும் ஏற்றவும் வேண்டாம். கழற்றி, மீட்டெடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மௌத்தான வாப்பாவின் குரல் அதில் மட்டும்தான் இருக்கிறது என்று வந்து நின்றவர்களைக் கண்டிருக்கிறேன்.

இன்றைக்கே வீட்டில் இருக்கும் டிரைவ்களுக்கு வொல் அடித்து, நம்பரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் போதும். முக்கியமானதை இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

விளங்காவிட்டால் கீழே கேளுங்கள். மஃரிபுக்குப் பிறகு பதில் போடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.