நிறைந்த டிஸ்க்

"கிளஸ்டர்ல இன்னும் 30 சதவீதம் காலியா இருக்கே, அப்புறம் எதுக்குப் புது டிஸ்க்?" சேமிப்பு சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வருஷத்துக்கு நாலு தடவையாவது எதிர்கொள்ளும் கேள்வி. கேட்பவர் கையில் இருப்பது சராசரி. எங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற எண் வேறு.

நான் வேலை செய்வது செஃப் என்ற மென்பொருளில். சமையல்காரர் இல்லை, ஆக்டோபஸ், கணவாய் எல்லாம் அடங்கிய செஃபலோபாட் இனத்தின் பெயரை வெட்டி எடுத்தது. சான்டா குரூஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேஜ் வெய்ல் செய்த முனைவர் பட்ட ஆய்வில் பிறந்தது. அவரும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட க்ரஷ் அல்காரிதம்தான் அதன் உயிர். எந்த டேட்டா எந்த டிஸ்க்கில் என்று சொல்லும் பெரிய பதிவேடு அதில் கிடையாது. பெயரை வைத்துக் கணக்குப் போட்டால் இடம் தெரிந்துவிடும். யார் போட்டாலும் ஒரே விடை.

டேட்டாவை முதலில் மூட்டைகளாகக் கட்டி, மூட்டைகளை டிஸ்க்குகளுக்குப் பங்கிடும். டிஸ்க்குக்குச் சுமார் 100 மூட்டை என்பது வழக்கம். க்ரஷ் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யாது. ஆனால் சீட்டுக் குலுக்குவதுபோலப் பங்கிடும்போது ஒன்றுக்கு 90 விழும், இன்னொன்றுக்கு 110. 60 டிஸ்க் இருந்தால் ஒன்றிரண்டு 120ஐத் தாண்டிவிடும். சராசரி 70 சதவீதம் என்றால் அந்த டிஸ்க் ஏற்கனவே 84இல் நிற்கிறது.

வழக்கமான அமைப்பில் 85இல் எச்சரிக்கை வரும். ஒரே ஒரு டிஸ்க் 95ஐத் தொட்டால் போதும், கிளஸ்டரில் எழுதுவதே நின்றுவிடும். மீதி 59இல் எவ்வளவு காலியிருந்தும் பிரயோஜனமில்லை. அடுத்த டேட்டா எங்கே போகணும்னு கணக்கு முன்பே முடிவு செய்துவிட்டது. பக்கத்து டிஸ்க் காலி என்பது அதற்குத் தெரியாது.

நிறைந்த டிஸ்க்கின் எடையைக் குறைக்கலாம். ஆனால் இறங்கும் பாரம் யார் தலையில் விழும் என்று தேர்ந்தெடுக்க முடியாது. 2017இல் லூமினஸ் பதிப்போடு அப்மேப் வந்தது. இந்த மூட்டை மட்டும் அங்கே வேண்டாம், இங்கே இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைக்கும் விதிவிலக்கு. பேலன்சர் அதைத் தானாகவே எழுதும், அதுவும் நிதானமாக. மொத்தத்தில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரே நேரத்தில் இடம்பெயரவிடாது. டேட்டா நகரும்போது பயனர்களின் வேகம் அடிபடுமே.

பொது விதி பாரபட்சமில்லாமல் இருக்கலாம். சமமாக்க, யார் நிறைந்திருக்கிறார்கள் என்று ஒருவர் பார்த்தாக வேண்டும்.

எங்கள் குழுவில் இரவு அழைப்புக்கு ஆள் வைப்பதும் இப்படித்தான். ஆளுக்கு ஒரு வாரம், சுழற்சி முறை, யாருக்கும் சலுகை கிடையாது. சர்வர்கள் பட்டியல் பார்த்து விழுவதில்லை. போன வருஷம் தொடர்ந்து மூன்று முறை ஒரே தோழியின் வாரத்திலேயே எல்லாம் உடைந்தது. அவளுக்கும் எனக்கும் வாரங்கள் சமம்தான். நாலாவது முறை வந்தபோது அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். அப்மேப் செய்வதும் அவ்வளவுதான்.