மொய் எழுதாத விசேஷம்

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலுக்கு என்றைக்குப் போனாலும் மாலையும் கழுத்துமாக வயதான தம்பதிகளைப் பார்க்கலாம். மார்க்கண்டேயனுக்காக எமனையே உதைத்த சிவன் இருக்கும் ஊர். ஆயுளுக்கான வழிபாடு அங்கே நடப்பதில் வியப்பில்லை. அறுபது நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பது தாண்டினால் சதாபிஷேகம். பிரபவ முதல் அட்சய வரை 60 வருடங்களும் ஒரு சுற்று முடிந்து, பிறந்த வருடத்தின் பெயர் திரும்பி வருவது அறுபதாம் கல்யாணத்தின் கணக்கு. ஆயிரம் பிறை கண்டவர் என்பது சதாபிஷேகத்தின் கணக்கு. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் சராசரி 29.53 நாள்; ஆயிரத்தால் பெருக்கினால் 29,530 நாள். எண்பத்தொரு வயதுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

இந்தக் கணக்கெல்லாம் வீட்டுக்காரரின் வயதுக்கு. பக்கத்தில் மணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு என்ன வயது என்று யாரும் கேட்பதில்லை. அவர் முந்திக்கொண்டு போய்விட்டாலோ அவளுக்குக் கணக்கே கிடையாது. அத்தனை பிறையையும் அவளும்தான் பார்த்திருப்பாள்.

எங்கள் அப்பத்தா அந்தக் கணக்கில் வராதவள். சிவகங்கைப் பக்கத்துக்காரி. தாத்தா போனபோது கடைசிப் பிள்ளை இடுப்பில் இருந்ததாம். ஆதார் அட்டையில் அவள் பிறந்த தேதி ஜனவரி 1. ஊரில் பாதிக் கிழவிகளுக்கு அதே தேதிதான். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969-இல். அதற்கு முந்தைய தலைமுறையில் பலருக்கும் விண்ணப்பம் நிரப்பியவர் போட்டதே பிறந்தநாள். அவளிடம் இருந்த பஞ்சாங்கம் வேறு. “காந்தி செத்தப்ப எனக்கு முன்பல்லு விழுந்து இன்னும் முளைக்கல. தனுஷ்கோடிப் புயலப்ப உங்கப்பன் கைப்புள்ள.” முன்னது 1948 ஜனவரி, பின்னது 1964 டிசம்பர். பல் விழுவது ஆறேழு வயதில் என்று கழித்துப் பார்த்து, 1941 வாக்கில் பிறந்திருப்பாள் என்று முடிவு கட்டினோம். நாடு விடுதலை அடைந்த சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுதான். அந்தக் காலத்துப் பிள்ளை ஒன்று எண்பதைத் தாண்டி நிற்பது மேளம் வைத்துச் சொல்லவேண்டிய சங்கதி.

ஆனால் மேளம் வைத்த விசேஷங்களில் அவள் எங்கே இருந்தாள்? எங்கள் எல்லாருக்கும் பிறந்தவுடன் நாக்கில் சேனை தொட்டு வைத்தது அவள். வசம்பும் சுக்கும் மாசிக்காயும் கல்லில் உரைத்து ஊற்றியது அவள். காதுகுத்துக்குக் குலசாமி கோயில் பொட்டலில் பொங்கல் அடுப்புக்கு மூன்று கல் தேடி எடுத்ததும் அவள்தான். கல்யாணத்துக்கு ஆரத்தி கரைப்பதென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மஞ்சள் தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு விழுந்தால் அந்தச் சிவப்பு ஏறும் என்பது அவள் விரலுக்குத் தெரியும். கரைத்த தட்டை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போவது மட்டும் வேறு யாராவது சுமங்கலி. வளைகாப்புக்குக் கடைக்குப் போய் அளவு பார்த்து வளையல் வாங்கி வருவாள். அடுக்கிப் போடும் நேரத்தில் அடுப்படியில் எலுமிச்சைச் சாதம் கிளறிக்கொண்டிருப்பாள். போ என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு நாம் எடுக்கும் முதல் பெரிய விசேஷம் அவர்கள் செத்த பிறகுதான் நடக்கிறது. எண்பது கண்ட கிழவி போனால் அது கல்யாணச் சாவு. கொட்டு, வேட்டு, பூப்பல்லக்கு. பேரன் பேத்திகள் கையில் நெய்ப்பந்தம். தெருமுனையில் ஃபிளெக்ஸ் போர்டு. போர்டுக்குத் தேடும்போதுதான் கிழவியின் உருப்படியான போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை என்று தெரியவரும்.

எங்கள் வீட்டில் இதைப் போட்டு உடைத்தவள் சித்தப்பா மகள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவள் பேசி அனுப்பினாள்: “நெய்ப்பந்தம் பிடிக்க லீவு போட்டுட்டு வருவீங்கள்ல? அந்த லீவை இப்பவே போடுங்க.” அதற்குப் பிறகு யாரும் சாக்குச் சொல்லவில்லை. தேதி தெரியாத பிறந்தநாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டோம். ஐயர் இல்லை, கலசம் இல்லை. முற்றத்தில் பந்தல், கொல்லையில் ஆட்டுக்கறிச் சாப்பாடு, நடுவில் மர நாற்காலியில் புதுச் சுங்குடிச் சேலையில் அப்பத்தா. எங்கள் பெரிய அத்தை ஆரத்தி எடுத்தாள். அவளும் தாலி இழந்தவள்தான். யாரோ ஒரு பெரிசு தொண்டையைக் கனைத்தது, அதோடு சரி. அப்பத்தா தட்டை எட்டிப் பார்த்து, “சுண்ணாம்பு பத்தல” என்றாள்.

விசேஷத்துக்கு அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மொய் எழுதக்கூடாது. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் யார் வீட்டுக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்பதை நோட்டைவிடத் திருத்தமாகச் சொல்லக்கூடியவள் அவள். “மொய்னா திருப்பிச் செய்யணும்டா. நான் இனி எந்த விசேஷத்துல வந்து திருப்பப் போறேன்?”

மொய் என்பது நம்மவர்கள் கண்டுபிடித்த நேர்த்தியான ஏற்பாடு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் இதற்கென்றே விருந்து வைக்கிறார்கள். வந்த பணத்துக்கு நோட்டு உண்டு. முறை வரும்போது வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்ப வேண்டும். தவறினால் உறவு முறியும். அப்பத்தா எங்களுக்குச் செய்தது எந்த நோட்டிலும் ஏறவில்லை, அவள் ஞாபக நோட்டிலும்கூட. உரைமருந்துக்கும் இரவு முழுக்க ஆட்டிய தொட்டிலுக்கும் என்ன தொகை போட்டு எழுதுவது? திருப்ப வழியில்லாத கடன் என்று தெரிந்த பிறகு செய்யக்கூடியது ஒன்றுதான்: பட்டிருக்கிறோம் என்பதை அவள் காதில் விழும்படி நாலு பேர் முன்னால் சொல்வது. அன்றைக்கு ஒவ்வொருவராக எழுந்து சொன்னோம். பாதிக்கு மேல் அவள், “போதும்டா, இலையைப் போடுங்க” என்று அதட்டிவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் ஓர் அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால், பிறந்த தேதியைத் தேடி அலைய வேண்டாம். எண்பது ஆகட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்போது ஆரத்தியைக் கரைத்தவள் கையிலேயே தட்டை விட்டுவிடுங்கள். வாசல் வரைக்கும் அவளே கொண்டுவரட்டும்.